முதல் தூண்டில் வாங்கப் போறவங்களுக்கு: கம்பு முந்தியா, நூல் முந்தியா?



லீவு நாளில் ஆத்துப் பக்கமும் நீர்த்தேக்கப் பக்கமும் தூண்டிலோடு போகிற பிள்ளைகள் நமது தோட்டங்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுப் பக்கம் கடை வேலைக்குப் போய், அங்கே கடலையும் ஆத்தையும் பார்த்துவிட்டு, "சம்பளம் எடுத்ததும் நானும் ஒரு ரொட் வாங்கப் போறேன்" என்று சொல்லுகிற தம்பிமாரும் இருக்கிறார்கள். நல்ல ஆசைதான். மீன் பிடிக்கிறவன் பொழுதை வீணாக்கவில்லை. வீட்டுச் சட்டிக்கு மீன் வந்தால் வளருகிற பிள்ளைகளுக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் அதுவே நல்ல ஆகாரம்.

ஆனால் தூண்டில் சாமானில் காசை வீணாக்குவது மிகவும் சுலபம். கடையில் பளபளவென்று தொங்குகிற கம்பைப் பார்த்து, பல நாள் பேர் போட்டுச் சம்பாதித்த காசை ஒரே தடவையில் கொடுத்துவிட்டு வருவார்கள். தண்ணீரில் போட்டுப் பார்த்தால் நூல் தடிப்பு, கம்பு விறைப்பு, தூண்டில் பெரிசு. ஒரு மீனும் தொடாது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு, கம்பை லயத்துக் கூரைக்கு அடியில் சொருகிவிடுவார்கள். அப்படி நடக்காமல் இருக்கத்தான் இந்த விளக்கம்.

கல்முனைக் கரையில் பிறந்து வளர்ந்து, மலையகத்தில் நலன்புரி உத்தியோகம் பார்க்கிறவன் என்ற முறையில், இரண்டு பக்கத்துத் தண்ணீரையும் வைத்தே எழுதுகிறேன்.

கடைக்காரர் கேட்கிற முதல் கேள்வி

கல்முனைப் பக்கத்தில் வலை, நூல், ஈயம் விற்கிற நல்ல கடைக்காரரிடம் போய், "காக்கா, நல்ல ரொட் ஒன்று தாங்க" என்று கேட்டால் அவர் உடனே எடுத்துக் கொடுக்க மாட்டார். "தம்பி, கடலுக்கா, ஆத்துக்கா? என்ன மீனுக்கு?" என்றுதான் திருப்பிக் கேட்பார். அங்கே ஆறு என்று சொல்லுவது பெரும்பாலும் வாவியைத்தான். மட்டக்களப்பு வாவியின் தென்கோடி கல்முனைப் பக்கம் வரைக்கும் வருகிறது. கிட்டங்கியடியில் ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் ஆறு. அதே ஊரில் கிழக்கே கொஞ்சத் தூரம் நடந்தால் திறந்த கடல். கொஞ்சத் தூரத்துக்குள் இரண்டு வகைத் தண்ணீர், இரண்டு வகை மீன், இரண்டு வகைத் தூண்டில்.

ஆகவே சாமான் தெரிவு செய்கிற ஒழுங்கு இதுதான்:

1. முதலில் தண்ணீரும் மீனும்.
2. அந்த மீனுக்கு ஏற்ற நூல்.
3. அந்த நூலுக்கு ஏற்ற கம்பு.
4. கடைசியாக ரீல்.

நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். ரீலின் பளபளப்பைப் பார்த்து, பிறகு கம்பைப் பார்த்து, கடைசியில் "சும்மா ஏதாவது நூல் சுத்தித் தாங்க" என்று கேட்கிறோம். மீனுக்கும் நமக்கும் நடுவில் இருப்பது நூல்தான். அது பிழைத்தால் மற்றது எல்லாம் பிழை.

நூல்

இப்போது தூண்டிலுக்குப் பாவிக்கிற ஒற்றை இழை நைலோன் நூலை நாம் தங்கூசி என்கிறோம். நைலோன் 1938ஆம் ஆண்டு அமெரிக்காவில் அறிமுகமானது. அதற்கு முன்பு பட்டு நூல், குதிரை வால்மயிர், பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பியிலிருந்து எடுத்த இழை என்பவற்றைத்தான் தூண்டிலுக்குப் பாவித்தார்கள். ஒரு விசயம் தெரிந்திருக்க வேண்டும். தங்கூசி வலை இலங்கையில் 2006ஆம் ஆண்டு தடை செய்யப்பட்டது. அது வலைக்குரிய தடை. தூண்டிலுக்குத் தங்கூசி நூல் பாவிப்பது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நூல் பொதியில் இரண்டு கணக்கு எழுதியிருக்கும். ஒன்று தடிப்பு, மில்லிமீற்றரில். மற்றது எத்தனை இறாத்தல் அல்லது எத்தனை கிலோ இழுவைக்கு அறும் என்பது. 10 இறாத்தல் என்றால் ஏறக்குறைய நாலரைக் கிலோ. கம்பனிக்குக் கம்பனி கொஞ்சம் வித்தியாசப்படும். பொதுவாகப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு:

வாவி, குளம், நமது நீர்த்தேக்கங்கள் (திலாப்பியா, கெண்டை, சின்னக் கெளுத்தி): 0.20 முதல் 0.25 மில்லிமீற்றர். 6 முதல் 8 இறாத்தல் போதும்.

முகத்துவாரம், கடற்கரை (கொடுவா, பாரை, சீலா): 0.35 முதல் 0.40 மில்லிமீற்றர். 15 முதல் 20 இறாத்தல்.

தோணியிலிருந்து கையால் விடுகிற கைத்தூண்டில்: 0.60 மில்லிமீற்றருக்கு மேல். இங்கே தடிப்பு மீனுக்காக மட்டுமல்ல, கைக்காகவும்தான். மெல்லிய நூலைப் பெரிய மீன் இழுத்தால் விரலை வெட்டிவிடும்.

"தடிச்ச நூல் வாங்கினா அறாதே, நல்லதுதானே?" என்று கேட்பீர்கள். தடித்த நூல் தண்ணீரில் மீனுக்குத் தெரியும். சுருள் விடாது. தூரம் போகாது. சின்ன மீன் தொட்டது கைக்குத் தெரியாது. கால் கிலோத் திலாப்பியாவுக்கு 30 இறாத்தல் நூல் போடுவது, ஒரு கைப்பிடிக் கொழுந்து கட்ட வண்டிக் கயிறு கொண்டுபோவது மாதிரி.

கடலுக்குப் போகிறவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். கொடுவா மீனின் செவுள் மூடி ஓரம் பிளேட் மாதிரி இருக்கும். சீலாவுக்குப் பல் கூர்மை. ஆகவே தூண்டிலுக்கு மேலே ஒரு முழம் அளவுக்கு 0.50, 0.60 தடிப்பு நூல் ஒரு துண்டு கட்ட வேண்டும். சீலா அதிகமுள்ள இடமென்றால் மெல்லிய கம்பி இழை. முழு நூலையும் தடிப்பாக்கத் தேவையில்லை. கடிபடுகிற இடம் மட்டும் தடித்தால் போதும்.

நூல் எவ்வளவு பலமானாலும் முடிச்சில்தான் அறும். இந்த ஒரு முடிச்சைப் பழகினால் ஆயுளுக்கும் போதும்: நூல் நுனியைத் தூண்டிலின் கண்ணுக்குள் விடுங்கள். அந்த நுனியை நூலிலேயே ஐந்தாறு தரம் சுற்றுங்கள். இப்போது கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வளையம் இருக்கும். நுனியை அதற்குள் விடுங்கள். அப்போது ஒரு பெரிய வளையம் உண்டாகும், அதற்குள்ளும் விடுங்கள். எச்சில் தொட்டு நனைத்து மெதுவாக இழுத்து இறுக்குங்கள். நனைக்காமல் சட்டென்று இழுத்தால் உரசும் சூட்டில் நைலோன் பலம் குறையும்.

நூலைக் கோழிக்கூட்டுக்கு மேலே வெயிலில் தொங்கவிடாதீர்கள். வெயில் நைலோனைத் தின்னும். ஒரு வருசப் பழைய நூலைப் பாவிக்க முதல் ஒரு முழம் எடுத்து இழுத்துப் பாருங்கள். சொரசொரப்பாக, வெள்ளை பூத்த மாதிரி இருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எறியுங்கள். எறிகிறபோது துண்டு துண்டாக நறுக்கிக் குப்பையில் போடுங்கள். ஆத்தோரம் விட்ட நூலில் பறவையின் கால், கன்றுக்குட்டியின் கால் மாட்டி அறுபட்டுப் போகும்.

இலக்கக் கணக்கில் ஏமாறாதீர்கள்

தூண்டில் முள்ளுக்கும் இலக்கம் உண்டு. ஆனால் கணக்கு எதிர்ப்பக்கம். 12ஆம் இலக்கம் சின்னது, 6ஆம் இலக்கம் அதைவிடப் பெரியது, 1ஆம் இலக்கம் இன்னும் பெரியது. அதற்குமேல் 1/0, 2/0, 3/0 என்று ஏறஏறப் பெரிசாகும். "பெரிய மீன் பிடிக்கணும், பெரிய நம்பர் தாங்க" என்று 12 வாங்கி வந்தவர்களும் உண்டு. நமது நீர்த்தேக்கத்துத் திலாப்பியாவுக்கு 8 அல்லது 10. கடற்கரைப் பாரைக்கும் கொடுவாவுக்கும் 1/0 முதல் 3/0 வரை.

கம்பு

முதன்முதலாகப் பிடிக்கிற சின்னப் பிள்ளைக்குக் கடைக் கம்பே தேவையில்லை. நமது தோட்டத்து ஓடைக்கரையில் மூங்கில் இருக்கிறது. பத்து அடியில் நேரான, முற்றிய, மெல்லிய மூங்கில் ஒன்றைக் கேட்டு வெட்டி, இரண்டு மூன்று வாரம் நிழலில் காயவைத்தால் போதும். கம்பின் நீளத்துக்கு நூல், ஒரு மிதப்பு, ஒரு சின்ன ஈயம், ஒரு முள். ரீல் வேண்டாம். மீன் தொடுவதைக் கண்டுகொள்ளவும், எப்போது இழுக்க வேண்டும் என்று கை பழகவும் இதைப் போல வாத்தியார் வேறில்லை. கல்முனைப் பக்கத்துப் பிள்ளைகளும் ரீல் ரொட்டோடு தொடங்குவதில்லை. ரின்னிலோ போத்தலிலோ சுற்றிய கைத்தூண்டிலோடுதான் தொடங்குகிறார்கள்.

கடைக் கம்பு வாங்குகிறவர்கள் இரண்டு வகையைக் காண்பார்கள். ஒன்று பைபர். கொஞ்சம் பாரம், ஆனால் அடிபட்டாலும் தாங்கும், விலையும் குறைவு. மற்றது காபன். மிகவும் இலேசு, ஆனால் கல்லில் பட்டால் சட்டென்று முறியும். முதல் கம்புக்குப் பைபரே நல்லது. வாவிக்கும் நீர்த்தேக்கத்துக்கும் ஆறு, ஏழு அடி போதும். கடற்கரையில் அலைக்கு அப்பால் எறிய எட்டு முதல் பத்து அடி வேண்டும். கம்பின் பிடிக்கு மேலே எத்தனை இறாத்தல் நூலுக்கு அது செய்யப்பட்டது என்று எழுதியிருக்கும். நீங்கள் தெரிவு செய்த நூலோடு அது ஒத்துவந்தால் மட்டும் கையில் எடுங்கள்.

காசு கொடுக்க முதல் மூன்று சோதனை:

ஒன்று: கொஞ்சம் பஞ்சு கொண்டுபோங்கள். கம்பிலுள்ள ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் பஞ்சைச் சுற்றித் துடையுங்கள். பஞ்சு மாட்டினால் அந்த வளையத்தில் கீறல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கீறல்தான் நூலை அறுக்கும்.

இரண்டு: பொருத்துகளைப் பூட்டி ஆட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்று ஆடினால் வேண்டாம்.

மூன்று: நுனியைக் கடைக்காரரைப் பிடிக்கச் சொல்லி மெதுவாக வளையுங்கள். வளைவு சீராக வர வேண்டும். ஓரிடத்தில் மட்டும் மடிந்தால் அங்கேதான் ஒருநாள் முறியும்.

இன்னொரு முக்கிய விசயம். காபன் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். நமது தோட்டங்களுக்கு மேலாகக் கரண்ட் கம்பிகள் போகின்றன. அவற்றுக்குக் கீழே நீளக் கம்பைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரத்தில் இடி மின்னல் வருவது எல்லோருக்கும் தெரியும். முதல் இடிச் சத்தம் கேட்டவுடன் கம்பைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். பைபரும் மூங்கிலும் நனைந்திருந்தால் அதுவும் ஆபத்துத்தான்.

ரீல்

ரீல் பெட்டியில் 2500, 4000 என்று இலக்கம் இருக்கும். வாவிக்கும் நீர்த்தேக்கத்துக்கும் 2500 அளவு, கடற்கரைக்கு 4000 அளவு போதும். நூலை விளிம்புக்கு இரண்டு மில்லிமீற்றர் குறைவாக வரும்வரை சுற்றுங்கள். குறைத்துச் சுற்றினால் தூரம் போகாது. நிரம்பி வழிந்தால் சிக்கும்.

ரீலில் ஒரு திருகி உண்டு. பெரிய மீன் இழுத்தால் நூல் அறாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுப்பது அதன் வேலை. அதை எவ்வளவு இறுக்குவது? நூலின் பலத்தில் ஏறக்குறைய கால் பங்குக்கு. 8 இறாத்தல் நூலென்றால் வீட்டிலுள்ள ஒரு கிலோச் சீனிப் பொதியை நூல் நுனியில் கட்டி, ரீலை மட்டும் பிடித்துத் தூக்குங்கள். நூல் மெதுவாக இறங்கத் தொடங்கும் அளவில் திருகியை நிறுத்துங்கள். அவ்வளவுதான்.

கடலுக்குப் போய்வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துக் காயவையுங்கள். ஒரு இரவு உப்போடு விட்டால் மறுநாளே துரு பிடிக்கத் தொடங்கும்.

துரைமார் வீசிய நீளக் கம்பு

நமது பாட்டன் பூட்டன் காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் ஓடைக்கரையில் நின்று சாட்டையைச் சுழற்றுவது மாதிரி ஒரு தூண்டில் வீசுவார்கள். அதற்குப் பெயர் பிளை பிஷிங். நாம் பூச்சித் தூண்டில் என்று சொல்லலாம். அதற்காகவே 1880களில் பிரவுண் ட்ரவுட் மீனின் முட்டைகளை வெளிநாட்டிலிருந்து கப்பலில் கொண்டுவந்து நுவரெலியா ஓடைகளில் விட்டார்கள். பிறகு வானவில் ட்ரவுட்டும் வந்தது. ஹோட்டன் சமவெளி ஓடைகளில் அந்த இனம் நிலைத்துவிட்டது. ஹோட்டன் சமவெளி 1988ஆம் ஆண்டு முதல் தேசியப் பூங்கா. அங்கே அனுமதி இல்லாமல் யாரும் தூண்டில் போடக் கூடாது.

இந்தத் தூண்டிலில் இரை கிடையாது. முள்ளில் இறகும் மயிரும் நூலும் கட்டி, பூச்சி மாதிரி அல்லது சின்ன மீன் மாதிரி ஆக்குவார்கள். இது நமக்குப் புதிய வித்தையும் அல்ல. கடலில் தோணியை ஓட்டிக்கொண்டே சூரைக்கும் அறுக்குளாவுக்கும் தூண்டில் இழுக்கிறவர்கள் இறகும் பளபளக்கும் இழையும் கட்டிய முள்ளைத்தான் பாவிக்கிறார்கள். மீன் அதைச் சின்ன மீன் என்று நினைத்துக் கொத்தும்.

வித்தியாசம் வீசுவதில் இருக்கிறது. சாதாரணத் தூண்டிலில் ஈயம் பறக்கும், நூல் அதன் பின்னால் போகும். பூச்சித் தூண்டிலில் முள் இறகைப் போல இலேசு. அதை எறிய முடியாது. ஆகவே நூலையே பாரமாகச் செய்கிறார்கள். அந்தத் தடித்த நூல் பறந்து முள்ளை இழுத்துக்கொண்டு போகும். இதனால்தான் இந்தத் தூண்டிலில் கம்பையும் நூலையும் தனித்தனியே வாங்க முடியாது.

கம்பின் பிடிக்கு மேலே 5, 6, 8 என்று ஓர் இலக்கம் இருக்கும். நூல் பெட்டியிலும் அதே இலக்கம் இருக்க வேண்டும். இது நூலின் முதல் 30 அடியின் பாரத்தைக் குறிக்கிறது. 5ஆம் இலக்கம் ஏறக்குறைய 9 கிராம், 6ஆம் இலக்கம் 10 கிராம் சொச்சம், 8ஆம் இலக்கம் பதின்மூன்றரைக் கிராம் அளவு. 8ஆம் இலக்கக் கம்பில் 5ஆம் இலக்க நூல் போட்டால் கம்பு வளையவே வளையாது. 5ஆம் இலக்கக் கம்பில் 8ஆம் இலக்க நூல் போட்டால், பெரியவர்களின் நிறைந்த கொழுந்துக் கூடையைச் சின்னப் பிள்ளை தலையில் மாட்டின மாதிரி, கம்பு தொங்கிப் போகும்.

ஓடைக்கும் சின்ன மீனுக்கும் எட்டரை அல்லது ஒன்பது அடி, 5 அல்லது 6. அம்பாறைக் கரையோரத்தில் வாவி வாய், முகத்துவாரம் என்றால் ஒன்பது அடி, 8. அங்கே காற்றும் மீனும் பெரிசு. ரீலும் உப்புத் தண்ணீர் தாங்குகிறதாக இருக்க வேண்டும். நூலில் இரண்டு வகை உண்டு. முன்பக்கம் பாரமானதை வீசுவது சுலபம், காற்றுக்கும் நல்லது. இரண்டு நுனியும் ஒரே மாதிரி மெலிந்ததை ஒரு பக்கம் தேய்ந்ததும் திருப்பிப் போட்டுப் பாவிக்கலாம், காசு மிச்சம். தொடங்குகிறவர் எதுவானாலும் மிதக்கும் நூலையே வாங்க வேண்டும். நூலின் நுனிக்கும் முள்ளுக்கும் நடுவில் ஒன்பது அடி மெல்லிய தங்கூசி கட்ட வேண்டும்.

வாங்கிய அன்றே தண்ணீருக்குப் போகாதீர்கள். தோட்டத்து விளையாட்டு மைதானப் புல்லில், முள் இல்லாமல், நுனியில் சின்னக் கம்பளி நூல் ஒன்றைக் கட்டி 30 அடி வீசிப் பழகுங்கள். தலைக்கு மேலே மணிக்கூடு இருப்பதாக நினையுங்கள். முன்னுக்குப் பத்து மணி, பின்னுக்கு ஒரு மணி. அதற்கு அப்பால் கம்பு போகக் கூடாது. பின்னால் நூல் முழுதாக நீளும்வரை ஒரு மூச்சுப் பொறுத்து, பிறகு முன்னுக்கு வீச வேண்டும். பலம் தேவையில்லை. பொறுமைதான் தேவை.

இந்த நூலின் மேற்பூச்சு பிளாஸ்ரிக். நுளம்புக்குப் பூசுகிற சில களிம்புகள் அதைக் கரைத்துவிடும். கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள்.

இது எல்லோருக்கும் தேவையா? உண்மையைச் சொன்னால், சட்டிக்கு மீன் வேண்டுமென்றால் மூங்கில் கம்பும் மிதப்பும் போதும். பூச்சித் தூண்டிலுக்குச் செலவு கூட. ஆனால் அறுகம்பை, நுவரெலியா மாதிரி வெளிநாட்டார் வருகிற இடங்களில் வேலை தேடுகிற பிள்ளைகள், இந்த இலக்கக் கணக்கும் வீசும் முறையும் தெரிந்து வைத்திருந்தால் ஒருநாள் உதவும். யாராவது பழைய கம்பு ஒன்றைக் கொடுத்தால், அதன் பிடிக்கு மேலே உள்ள இலக்கத்தை முதலில் படியுங்கள். பிறகு நூலைத் தேடுங்கள்.

காலம் பார்த்துப் போங்கள்

கல்முனைக் கரையின் காலமும் நமது மலையின் காலமும் எதிரெதிர். அங்கே கார்த்திகை முதல் தை வரை வாடைக்காற்று, கடல் கொந்தளிப்பு, வெள்ளம். பங்குனிக்குப் பிறகு புரட்டாதி வரைக்கும் கடல் பெரும்பாலும் அமைதி. அப்போது வீசுவது கச்சான், சூட்டுக் காற்று. நமது மேற்கு மலைகளில் வைகாசி தொடங்கி ஆவணி வரைக்கும்தான் ஆறு பெருகும். கடற்கரையில் காலை நேரத்தில் காற்றுக் குறைவு. வெயில் ஏறஏறக் கடற்காற்றும் ஏறும். புதிதாகப் பழகுகிறவருக்கு விடியற்காலையே நல்லது.

உயிர் முந்தி, மீன் பிந்தி

கடைசியாக, மிக முக்கியமானவை. பெற்றோர் தயவுசெய்து பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

1. நீர்த்தேக்கக் கரையில் தண்ணீர் வற்றிய சேற்றில் இறங்க வேண்டாம். மேலே கெட்டியாகத் தெரியும், உள்ளே கால் புதையும். மேலே அணைக்கதவு திறந்தால் மழை இல்லாமலே ஆத்தில் தண்ணீர் ஏறும். சைரன் கேட்டால் சாமானை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள்.

2. சின்னப் பிள்ளைகள் தனியாகப் போகக் கூடாது. நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

3. அம்பாறைக் கரையோரத்து ஆறுகளிலும் வாவியிலும் முதலை உண்டு. ஒலுவில் பக்கத்துக் களியோடை ஆறும் அப்படித்தான். ஊர்க்காரரிடம் கேட்காமல் தண்ணீரில் கால் வைக்காதீர்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று தூண்டில் போடுவது வேண்டவே வேண்டாம்.

4. கடல் வழக்கத்துக்கு மாறாகப் பின்வாங்கினாலோ, நிலம் அதிர்ந்தாலோ, வேடிக்கை பார்க்க நிற்காமல் உடனே உள்ளே மேட்டுப் பக்கம் ஓடுங்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருதுக் கரைகளில் அதை மறந்த குடும்பம் இல்லை.

5. பேத்தை மீன் மாட்டினால், பலூன் மாதிரி வயிறு ஊதுகிற மீன் அது, சாப்பிடக் கூடாது. அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது. மலையில் இருந்து போகிறவர்களுக்கு அது தெரியாமல் இருக்கலாம். பெயர் தெரியாத எந்த மீனையும் கரையில் உள்ளவரிடம் காட்டிக் கேட்ட பிறகே சட்டிக்குக் கொண்டுபோங்கள்.

6. கெளிறு, கெளுத்தி வகைகளின் முள் குத்தினால் கடுக்கும். தாங்கக்கூடிய சூட்டுத் தண்ணீரில் கையை வைத்தால் வலி குறையும். தூண்டில் முள் விரலில் ஆழமாக ஏறினால் பிய்த்து இழுக்காதீர்கள். டிஸ்பென்சரிக்கு அல்லது ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஏற்பு ஊசியும் போட வேண்டிவரும். குறட்டால் எதிர்முள்ளை நசுக்கிவிட்டுப் பாவித்தால் கழற்றுவது சுலபம்.

7. வீசுகிறபோது பின்னால் யார் நிற்கிறார் என்று திரும்பிப் பாருங்கள். முள்ளுக்குக் கண் எது, மீன் எது என்று தெரியாது. தொப்பியும் கண்ணாடியும் போடுவது நல்லது.

8. வெடி போடுவதும் நஞ்சு கலப்பதும் சட்டப்படி குற்றம். ஒரு நாள் மீனுக்காக ஊர் முழுக்கக் குடிக்கிற தண்ணீரையும், அடுத்த வருசத்து மீன் குஞ்சையும் சேர்த்துக் கொல்லும் வேலை அது.

கடைக்குப் போகும்போது கொண்டுபோக வேண்டிய துண்டு

இதை வெட்டி எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தத் தண்ணீர்? என்ன மீன்?
நூல்: எத்தனை மில்லிமீற்றர், எத்தனை இறாத்தல்?
முள்: எத்தனையாம் இலக்கம்? (இலக்கம் கூடினால் முள் சின்னது. 1/0இல் இருந்து பெரிசு.)
கம்பு: எத்தனை அடி? நூலோடு ஒத்து வருகிறதா? பஞ்சு, பொருத்து, வளைவு பார்த்தாயிற்றா?
பூச்சித் தூண்டிலென்றால்: கம்பின் இலக்கமும் நூலின் இலக்கமும் ஒன்றா?
ரீல்: கடலுக்கா, நல்ல தண்ணீருக்கா?
காசு: இந்த மாதத்து வீட்டுச் செலவும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் போக மிஞ்சியதா?

கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால் கவலைப்பட வேண்டாம். மூங்கில் புதர் பக்கத்திலேயே இருக்கிறது. அதில் ஆறு மாதம் பழகிவிட்டுப் போகிறவருக்குக் கடையில் என்ன கேட்க வேண்டும் என்று தானாகவே தெரியும். அவரைப் பளபளப்பைக் காட்டி யாரும் ஏமாற்ற முடியாது.